ஏழடியும் ஒரு மாலையும்

சட்டம் பெரிதா, அறம் பெரிதா என்று பட்டிமன்றம் வைத்தால் இரண்டு அணியும் நன்றாகப் பேசும். நடுவர் இரண்டும் வேண்டும் என்று சொல்லிவிட்டுப் பொன்னாடையோடு ஊருக்குக் கிளம்பிவிடுவார். அந்த வழியில் நாம் போக வேண்டாம். நம் ஊரில், கல்யாண விஷயத்தில், இந்த இரண்டும் நாற்பது வருடம் ஒன்றோடொன்று பேசாமல் இருந்தன. அந்தக் கதையை மட்டும் பார்ப்போம்.

1928-ஆம் ஆண்டு. அருப்புக்கோட்டைக்கு அருகே சுக்கிலநத்தம் என்ற ஊரில் பெரியார் தலைமையில் ஒரு திருமணம் நடந்தது. புரோகிதர் கிடையாது, மந்திரம் கிடையாது. சுயமரியாதைத் திருமணங்களின் தொடக்கமாக இதைத்தான் சொல்வார்கள். அதன் பிறகு இப்படிப்பட்ட திருமணங்கள் ஊர் ஊராக நடந்தன. சாதி மாறி மணந்தார்கள், விதவைகள் மணந்தார்கள், வேண்டுமென்றே ராகுகாலம் பார்த்து மணந்தார்கள். மேடையில் ஒருவர் பின் ஒருவராகப் பேசினார்கள். இதற்குப் புரோகிதரே தேவலாம் என்று எத்தனை மாப்பிள்ளைகள் மனத்துக்குள் நினைத்தார்களோ!

வந்திருந்தவர்களைப் பொறுத்தவரை அது குறையில்லாத கல்யாணம். இருவரும் மனமொப்பி, ஊரறியச் சேர்ந்து வாழ வந்தார்கள். அறத்தின் பக்கம் நின்று பார்த்தால் அதற்குமேல் என்ன வேண்டும்? ஆனால் சட்டம் வேறொன்றைக் கேட்டது. இந்துச் சட்டப்படி திருமணம் என்றால் ஒன்று சாஸ்திரச் சடங்கு நடந்திருக்க வேண்டும். இல்லையென்றால் அந்தச் சமூகத்தில் நெடுங்காலமாக இருந்துவரும் வழக்கப்படி நடந்திருக்க வேண்டும். சுயமரியாதைத் திருமணம் இரண்டிலும் சேரவில்லை.

1934-இல் நடந்த ஒரு சுயமரியாதைத் திருமணம், பிறகு சொத்து வழக்கில் சிக்கிச் சென்னை உயர்நீதிமன்றம் வரை வந்தது. 1953-இல் தீர்ப்பு: அந்தத் திருமணம் செல்லாது. வழக்கம் என்பது தொன்மையானதாக இருக்க வேண்டும், நேற்று தோன்றிய ஓர் இயக்கம் தனக்கென்று புதிய மணமுறையைச் சட்டமாக்கிக்கொள்ள முடியாது என்பது அதன் சாரம். நீதிபதிகளை வைவது சுலபம். ஆனால் அன்று அவர்கள் கையில் இருந்த சட்டத்தை வைத்துப் பார்த்தால் அந்தத் தர்க்கத்தில் ஓட்டை கண்டுபிடிப்பது கடினம். சிக்கல் சட்டத்திலேயே இருந்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். கொள்கைக்காகச் சடங்கை விட்டவர் கணவர். மேடையில் முழங்கியவர் தலைவர். இந்தத் தீர்ப்பால் அவர்களுக்குப் பெரிய நஷ்டம் ஒன்றுமில்லை. கணவர் போன பிறகு, சொத்துப் பங்கு என்று வரும்போது, 'நீ மனைவியே இல்லை' என்பதைக் கேட்டுக்கொண்டு நிற்கப்போகிறவள் அந்தப் பெண். பிள்ளைகளின் பிறப்பைப் பற்றியும் பேச்சு எழும். அறம் முந்திக்கொண்டு ஓடி, சட்டம் பின்தங்கி வரும்போது, நடுவில் உள்ள காலத்துக்கு யாரோ ஒருவர் விலை கொடுக்கிறார். பெரும்பாலும் அந்த முடிவை எடுத்தவர் விலை கொடுப்பதில்லை. சீர்திருத்தம் பேசுகிறவர்கள் அடிக்கடி மறந்துவிடும் கணக்கு இது.

'பதிவுத் திருமணம் செய்திருக்கலாமே' என்று இப்போது கேட்கத் தோன்றும். அப்போதும் சட்டம் இருந்தது. வங்காளத்தில் பிரம்ம சமாஜத்தார் கேசவ சந்திர சென் தலைமையில் வற்புறுத்தி வாங்கிய 1872-ஆம் ஆண்டுச் சட்டம். அதன்படி மணக்க வேண்டுமானால் 'நான் இந்து மதத்தைச் சேர்ந்தவன் இல்லை' என்று அறிவிக்க வேண்டும். 1923-இல் அந்தக் கட்டாயம் தளர்ந்தது. ஆனால் கூடவே வேறு சுமைகள் வந்தன. அதன்படி மணந்த மகன் கூட்டுக் குடும்பத்திலிருந்து பிரிந்தவனாகக் கருதப்படுவான். அவனுக்குத் தத்தெடுக்கும் உரிமை கிடையாது. வேறு மகன் இல்லாவிட்டால் அவன் அப்பா இன்னொரு பிள்ளையைத் தத்தெடுத்துக்கொள்ளலாம். அதாவது, திருமணத்துக்கு அனுமதி கொடுத்துவிட்டு, பிள்ளையை இறந்தவன் கணக்கில் எழுதிவிட்டது சட்டம். வேறு சிலருக்கு இந்தச் சங்கடம் வரவில்லை. சீக்கியர்களின் ஆனந்த் திருமணத்தை 1909-இல் சட்டம் ஏற்றது. ஆரிய சமாஜத்தாரின் திருமணங்களுக்கு 1937-இல் தனிச் சட்டமே வந்தது. நம்மவர்கள் காத்திருந்தார்கள்.

1967-இல் அண்ணா முதலமைச்சரானதும் இந்துத் திருமணச் சட்டத்தில் தமிழ்நாட்டுக்கென்று 7-ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. 1968 ஜனவரி 20-இல் நடைமுறைக்கு வந்தது. உறவினர், நண்பர் அல்லது வேறு யாராவது முன்னிலையில், தங்களுக்குப் புரியும் மொழியில் 'இவரை ஏற்கிறேன்' என்று இருவரும் சொன்னால் போதும். அல்லது மாலை மாற்றினால் போதும், மோதிரம் அணிவித்தால் போதும், தாலி கட்டினால் போதும். இதில் எனக்கு முக்கியமாகப் படுவது, அந்தச் சட்டம் பின்னோக்கியும் கை நீட்டியது என்பதுதான். அதற்கு முன் இதே முறையில் நடந்த திருமணங்களும், நடந்த நாளிலிருந்தே செல்லும் என்று சொன்னது. இடையில் அந்தப் பெண் வேறொருவரைச் சட்டப்படி மணந்திருந்தால் பழைய திருமணம் உயிர்பெறாது. இவ்வளவு கவனத்தோடு எழுதப்பட்ட சட்டப்பிரிவுகள் குறைவு.

இந்தப் பிரிவு பிறகு யாருக்கு உதவியது என்பது இன்னும் சுவையானது. முதல் மனைவி உயிரோடிருக்க இரண்டாம் கல்யாணம் செய்துகொண்டவர்கள் நீதிமன்றத்தில் ஒரு தந்திரம் வைத்திருந்தார்கள். 'இரண்டாவது கல்யாணத்தில் அக்கினி முன் ஏழடி வைக்கவில்லை. அதனால் அது கல்யாணமே இல்லை. அப்புறம் எனக்கு எப்படி இரண்டு மனைவி?' 1965-இல் மகாராஷ்டிர வழக்கு ஒன்றில் சடங்கு முறையாக நடக்கவில்லை என்ற வாதம் உச்ச நீதிமன்றத்திலேயே எடுபட்டது. அதே வாதத்தோடு தமிழ்நாட்டுக்காரர் ஒருவரும் வந்தார். திருத்தணியில் நடந்த இரண்டாவது கல்யாணம். கீழ் நீதிமன்றம் விட்டுவிட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 2001-இல் அங்கே கேட்டது ஒரே கேள்வி: தாலி கட்டினாரா? கட்டினார். தமிழ்நாட்டில் 7-ஏ பிரிவுப்படி அது போதும், ஏழடி தேவையில்லை. சடங்கை மறுத்தவர்களுக்காக எழுதிய சட்டம், சடங்கின் பின்னால் ஒளிந்தவரைப் பிடித்துக் கொடுத்தது!

இன்று நிலைமை தலைகீழ். சட்டம் முன்னால் போய்விட்டது, ஊரின் மனம்தான் பின்னால் நிற்கிறது. சாதி மாறி மணந்தவர்களைச் சட்டம் கணவன் மனைவி என்கிறது. பெற்ற குடும்பமோ வெட்டரிவாளோடு தேடுகிறது. இந்த இடைவெளிக்கும் விலை உண்டு. அதையும் அந்த இளையவர்களே கொடுக்கிறார்கள். இப்படிப் பயந்து வழக்கறிஞர் அறையில் ரகசியமாக நடக்கும் சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்று 2014-இல் சென்னை உயர்நீதிமன்றம் சொன்னது. 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. குடும்ப எதிர்ப்புக்குப் பயந்து நிற்பவர்களிடம் ஊரறிய அறிவித்தால்தான் கல்யாணம் என்று சொன்னால் அவர்கள் உயிருக்கே ஆபத்து வரும் என்றது. நண்பர் என்ற முறையில் வழக்கறிஞர் முன்னிலையிலும் மணந்துகொள்ளலாம். சிறப்புத் திருமணச் சட்டத்தில் 30 நாள் முன்னறிவிப்பு உண்டு. 7-ஏ பிரிவில் அது இல்லை. அதனால்தான் பலர் இந்த வழியைத் தேடி வருகிறார்கள்.

நேயர்களில் யாருக்காவது பயன்படும் என்பதால் ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி எல்லாத் திருமணங்களையும் பதிவு செய்ய வேண்டும். அதற்குக் கெடு 90 நாள். பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 வயது நிரம்பியிருந்தால், பெற்றோர் சம்மதம் என்ற நிபந்தனை இந்துத் திருமணச் சட்டத்தில் இல்லை. யாராவது இருக்கிறது என்று சொன்னால், எந்தப் பிரிவில் என்று கேளுங்கள்.