இழந்த பல்லுக்கு ஒரு பாலம்



'பல் போனால் சொல் போச்சு' என்பது நம் முன்னோர் வாக்கு. அண்ணத்தை அடுத்த பல்லின் அடியில் நாநுனி ஒற்றுவதால் தகர நகரங்கள் பிறக்கின்றன என்றும், பல்லும் உதடும் கூடுவதால் வகரம் பிறக்கிறது என்றும் தொல்காப்பியர் வகுத்துச் சொன்னார். முன்பல் போனவர் 'தம்பி வந்தான்' என்று சொல்லிப் பார்த்தால் இதன் உண்மை விளங்கும்.

முன்பல் போனால் நாம் உடனே கவலைப்படுகிறோம். கடைவாய்ப் பல் போனால், வெளியே தெரியவா போகிறது என்று விட்டுவிடுகிறோம். முதல் கடைவாய்ப் பல் ஏறத்தாழ ஆறு வயதில், பால்பற்களுக்குப் பின்னால் முளைக்கிறது. பெற்றோர் பலர் அதையும் பால்பல் என்றே எண்ணி, சொத்தை விழுந்தாலும் கவனிப்பதில்லை. அது நிலைப்பல், விழுந்தால் மறுபடி முளைக்காது.

இடைவெளியை அப்படியே விட்டால் என்ன ஆகும்? அலமாரியில் நெருக்கமாக அடுக்கிய புத்தகங்களில் ஒன்றை உருவிவிட்டால், பக்கத்துப் புத்தகம் சாய்கிறதல்லவா? பற்களும் அப்படித்தான். பக்கத்துப் பல் மெல்லச் சாயக்கூடும். எதிர்த் தாடையிலுள்ள பல் தன்னை எதிர்க்க ஒன்றும் இல்லாமல் இடைவெளியை நோக்கி நீளக்கூடும். சாய்ந்த பல்லின் இடுக்கில் உணவு சிக்கும். சொத்தையும் ஈறுநோயும் தொடரும். பல் இருந்த இடத்துத் தாடை எலும்பும் தேயும்.

இழந்த பல்லை ஈடுசெய்ய மூன்று வழிகள் உள்ளன. ஒன்று, கழற்றி மாட்டும் பல்செட்டு. இதற்குச் செலவு குறைவு. மற்றொன்று, எலும்பில் டைட்டேனியத் திருகைப் பதித்து அதன்மேல் பல் வைப்பது. சுவீடன் நாட்டு அறிஞர் பிரனேமார்க் 1965இல் முதன்முதலாக ஒருவருக்கு இதைச் செய்தார். இவ்விரண்டுக்கும் இடைப்பட்டதே 'பிரிட்ஜ்' எனப்படும் பல் பாலம்.

ஆற்றின் இரு கரையிலும் தூண் நாட்டிப் பாலம் போடுவதுபோல, இடைவெளியின் இருபுறப் பற்களையும் தூண்களாக்கி, நடுவே செயற்கைப் பல்லை நிறுத்துவது இந்த முறை. ஏறத்தாழ 2,600 ஆண்டுகளுக்கு முன்பே இத்தாலியின் எட்ருஸ்கர்கள் பொன் தகட்டு வளையத்தால் பொய்ப்பல்லைப் பக்கத்துப் பற்களோடு பிணைத்திருக்கிறார்கள்.

இன்று மருத்துவர் முதலில் எக்ஸ்ரே எடுத்துத் தூண்பற்களின் வேரையும் எலும்பையும் பார்ப்பார். பல்லைப் பிடுங்கியிருந்தால் புண் ஆறும்வரை, பெரும்பாலும் இரண்டு மூன்று மாதங்கள், காத்திருக்கச் சொல்வார். பிறகு மரத்துப்போக ஊசி போட்டு, தூண்பற்களைச் சுற்றிலும் சீவி, அச்சு எடுப்பார். பாலம் தயாராகும்வரை தற்காலிக உறை போடுவார். பீங்கான் பூசிய உலோகத்தாலோ சிர்க்கோனியாவாலோ செய்த பாலம் வந்ததும், கடிக்கச் சொல்லிச் சரிபார்த்து, சிமெண்டால் ஒட்டிவிடுவார். அதன்பின் அதைக் கழற்ற வேண்டியதில்லை.

இங்கே நாம் நின்று யோசிக்க வேண்டும். சீவிய பல் மறுபடி வளராது. தூணாகப்போகும் பற்களில் ஏற்கெனவே பெரிய அடைப்பு இருந்து, எப்படியும் உறை போட வேண்டியிருந்தால், பாலம் இரு வேலையையும் ஒருசேர முடித்துவிடும். அவை பழுதில்லாத நல்ல பற்களானால், ஒரு பல்லுக்காக இரண்டைச் சீவலாமா என்று கேட்பது நியாயம். முன்பல் இழந்தவர்களுக்கு, பக்கத்துப் பல்லின் பின்புறம் சிறகுபோல் ஒட்டும் பாலமும் உண்டு. அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் பெயரால் 1980களில் பரவிய இம்முறையில் பல்லைச் சீவுவது மிகக் குறைவு.

ஆடுகின்ற பல் தூணாகாது. ஈறுநோயை முதலில் குணப்படுத்த வேண்டும். நம் சமூகத்தில் நீரிழிவு மிகுதி. சர்க்கரை கட்டுக்குள் இல்லையென்றால் ஈறுநோய் எளிதில் பற்றும். ஆகவே அதை மருத்துவரிடம் மறைக்கக் கூடாது.

பாலம் போட்டாயிற்று, இனிக் கவலையில்லை என்று இருப்பவர்களே விரைவில் அதை இழக்கிறார்கள். பீங்கானுக்குச் சொத்தை வராது. அதன் ஓரத்தில், அடியிலிருக்கும் சொந்தப் பல்லுக்கு வரும். பிரஷ் மட்டும் பாலத்தின் அடியை எட்டாது. அதற்கென்று விற்கும் நூலையோ சிறு தூரிகையையோ நாள்தோறும் பாலத்தின் அடியில் நுழைத்துத் துடைக்க வேண்டும். ஐஸ்கட்டியையும் எலும்பையும் கடிக்கலாகாது. நன்றாகப் பேணினால் பத்து, பதினைந்து ஆண்டுகளுக்குமேல் உழைக்கும் பாலங்கள் பல.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. மலிவு என்று சொல்லி, வீட்டிலும் ஓட்டல் அறையிலும் பல் கட்டுபவர்களிடம் போகாதீர்கள். சுத்தம் செய்யாத கருவியால் தொற்றுநோய் வரலாம். ஈற்றோடு ஒட்டிய பொய்ப்பல் நல்ல பல்லையும் அழுகச் செய்யும். மலேசியாவில் பதிவு பெறாதவர் பல் மருத்துவம் செய்வது சட்டப்படி குற்றம். ஒருவர் பதிவு பெற்றவரா என்பதை மலேசியப் பல் மருத்துவ மன்றத்தின் பதிவேட்டில் பார்த்துக்கொள்ளலாம்.

நாற்காலியில் சாயுமுன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: தூண்பற்கள் உறுதியாக உள்ளனவா? எனக்கு வேறு வழி உண்டா? மொத்தச் செலவு எவ்வளவு? நல்ல மருத்துவர் மூன்றுக்கும் பொறுமையாக விடை சொல்வார். இருக்கும் பல்லைக் காப்பதே முதல் வைத்தியம். இழந்துவிட்டால், இடைவெளியை நாள்கடத்தாமல் கவனிப்பது அடுத்தது.