கார்புரேட்டரும் செவியும்
(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



பத்தாண்டுகளாக இம்மேடையில் புலவர்களைப் பற்றியும் நூல்களைப் பற்றியும் கேட்டு வந்தோம். இன்று பழைய அம்பாசடர் காரின் கார்புரேட்டரைச் சரிசெய்வது பற்றிப் பேச இசைவு தந்தமைக்கு நன்றி. சேலம்–உளுந்தூர்ப்பேட்டை நெடுஞ்சாலையில் அமைந்த நம் சின்னசேலத்துக்கு இது அயலான பொருள் அன்று. மாப்பிள்ளை அழைப்பாயினும், நோயாளியோடு விரையும் நள்ளிரவாயினும், ஒரு தலைமுறைக்கு வாடகைக் கார் என்றாலே அம்பாசடர்தான். வங்கத்து உத்தரபாராவில் 1950-களின் பிற்பகுதியில் பிறந்த அவ்வண்டியின் உற்பத்தி 2014-இல் நின்றது.

கார்புரேட்டர் செய்யும் பணி காற்றையும் பெட்ரோலையும் கலப்பது. ஒரு லிட்டர் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 9000 லிட்டர் காற்று வேண்டும். காற்று ஒடுங்கிய மிடற்றின் வழியே பாயும்போது விரைவு கூடுகிறது, அழுத்தம் குறைகிறது. அக்குறைவே பெட்ரோலை உறிஞ்சி எடுக்கிறது. அவ்வொடுக்கத்துக்கு வெஞ்சுரி என்னும் இத்தாலிய அறிஞரின் பெயரை இட்டார்கள். மிடறு என்ற சொல்லை நான் வேண்டுமென்றே ஆண்டேன். உந்தியில் எழும் காற்று தலையிலும் மிடற்றிலும் நெஞ்சிலும் நின்று எழுத்தாகப் பிறக்கும் முறையைத் தொல்காப்பியர் பிறப்பியலில் வகுத்திருக்கிறார். காற்று ஒடுங்குமிடத்தில்தான் பேச்சும் பிறக்கிறது, வண்டியின் ஓட்டமும் பிறக்கிறது.

அம்பாசடரில் நெடுங்காலம் இருந்தது எஸ்.யூ. வகை. ஸ்கின்னர் என்னும் ஆங்கிலேயச் சகோதரர்களின் ஆக்கம் அது. காலணி வணிகக் குடும்பத்தினர் ஆதலால், முதலில் தோல் துருத்தி ஒன்றையே அதில் பொருத்தினார்கள் போலும்! பின்னர் துருத்தியின் இடத்தில் பிஸ்டன் வந்தது. காற்றின் வேகத்துக்கேற்ப அது உயர்ந்து தாழ, அதன் அடியில் தொங்கும் கூர்ஊசி ஜெட்டின் துளையைத் திறந்தும் அடைத்தும் அளவு காக்கும்.

சரிசெய்யும் முறையைக் கேளுங்கள். முதலில் பிளக், பாயிண்ட், டேப்பட் மூன்றையும் ஒழுங்கு செய்துவிட வேண்டும். பிற குற்றங்களை வைத்துக்கொண்டு கார்புரேட்டரைக் குறை கூறுதல் அறமாகாது. எஞ்சின் நன்கு சூடேறிய பின், பக்கத்திலுள்ள சிறு ஊசியால் பிஸ்டனை மெல்லத் தூக்க வேண்டும். தூக்கும் அளவு அங்குலத்தில் 32-இல் ஒரு பங்கு. ஓர் அரிசியின் தடிமன்கூட இராது. ஓட்டம் விரைந்து அப்படியே நின்றால் பெட்ரோல் மிகுதி. தளர்ந்து அணைய முற்பட்டால் பெட்ரோல் குறைவு. சற்றே விரைந்து மீண்டும் தன்னிலைக்கு வந்தால் கலவை சரி. ஜெட்டின் அடியிலுள்ள ஆறு பட்டை நட்டை மேலேற்றினால் பெட்ரோல் குறையும், கீழிறக்கினால் கூடும். ஒருமுறைக்கு ஒரு பட்டைதான் திருப்பலாம். திருப்பிவிட்டுச் செவி சாய்க்க வேண்டும்.

செவி எதைக் கேட்கிறது என்பதுதான் கவிஞர்களாகிய உங்கள் முன் நான் வைக்க விரும்பும் செய்தி. பெட்ரோல் மிகுந்தால் எஞ்சின் ஓர் ஒழுங்கோடு தவறும். குறிப்பிட்ட இடைவெளியில் சீர் உடையும், புகைக்குழாயில் கரும்புகை காட்டும். குறைந்தாலோ ஒழுங்கே இன்றித் தவறும். எந்த அசையில் முறியும் என்று சொல்ல இயலாது. தளை தட்டுவதில் இரு வகை உண்டென்று யாப்பறியாத மெக்கானிக், திருப்புளியும் கையுமாக நின்று கண்டுகொள்கிறார். ஆக்கிலக்கணம் கற்ற நாம், அச்செவியில் பாதியேனும் பெற்றிருக்கிறோமா?

இப்பொறிக்குத் தூய தமிழ்ப்பெயர் தேடுவதில் எனக்கு ஆர்வம் இல்லை. கார்புரேட்டர் கார்புரேட்டராகவே இருக்கட்டும். பெயர் கடன் வாங்கியது. ஆனால் அதன் நோயைச் சொல்லும் வினைகளைப் பாருங்கள். வண்டி திணறுகிறது, விக்குகிறது, இருமுகிறது, குலுங்குகிறது, மூச்சு வாங்குகிறது, இழுக்கவில்லை. திணறல் வேறு, விக்கல் வேறு. பட்டறையில் ஒன்றுக்கு மற்றொன்றைச் சொன்னால் தவறான திருகைத் திருப்ப நேரும். இந்த வேறுபாடுகளை நம் அகராதிகளில் தேடிப் பயனில்லை.

கல்வராயன் மலை ஏறுவோருக்கு இன்னொரு பாடம் உண்டு. கச்சிராயபாளையம் கடந்து வெள்ளிமலை நோக்கிச் செல்கையில் காற்று மெலிகிறது. 3000 அடி உயரத்தில் அதன் அடர்த்தி கடல்மட்டத்தைவிட 8 விழுக்காட்டுக்கு மேல் குறைவு. சமவெளியில் சரியாக வைத்த கலவை மலைமேல் பெட்ரோல் மிகுந்ததாகிவிடும். வண்டி சோர்வதற்கு ஏற்றம் மட்டும் காரணமாகாது.

அண்மையில் நேர்ந்த மாற்றம் இதற்கு நேர்மாறானது. 2025-இல் நாடெங்கும் பங்குகளில் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலே பொதுவாயிற்று. எத்தனால் பெரும்பாலும் கரும்பிலிருந்தும் மக்காச்சோளம் போன்ற தானியங்களிலிருந்தும் வருவது. அவ்விரண்டும் நம் வட்டாரத்துப் பயிர்கள். ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடையில் ஏறத்தாழ 15 பங்கு காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 பங்கே போதும். ஆகவே பழைய அளவில் விட்ட கார்புரேட்டர் இப்போது குறைவாக ஊட்டுகிறது; ஒழுங்கற்ற அந்தத் தவறல் தலைகாட்டுகிறது. நட்டைக் கீழிறக்கிச் சரிசெய்யலாம். பழைய ரப்பர்க் குழாய்கள் ஊறிப் பழுதாவதும், தொட்டியில் ஈரம் சேர்வதும் தனித் தொல்லைகள்.

புதிய கார்களில் கார்புரேட்டர் மறைந்து கால் நூற்றாண்டு ஆகிறது. 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த இருசக்கர வண்டிகளிலும் அது பெரும்பாலும் இல்லை. கலவையைக் கணினிச் சில்லு பார்த்துக்கொள்கிறது. செவியால் பழகியவர்கள் முதுமை எய்திவிட்டார்கள், அவர்களிடம் தொழில் கற்க வருவோரும் இல்லை. நம் வட்டம் பதினோராம் ஆண்டில் ஒரு பணியை மேற்கொள்ள வேண்டுகிறேன். உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் ஊர்ப் பழைய பட்டறை ஒன்றில் ஒரு பொழுது அமர்ந்து, வண்டியின் ஒலிக்கு அங்கே வழங்கும் சொற்களையும், எந்தச் சொல்லுக்கு எந்தத் திருகைத் திருப்பினார்கள் என்பதையும் எழுதி வாருங்கள். திருகைக் குறிக்காமல் சொல்லை மட்டும் எழுதி வந்தால், அடுத்த கூட்டத்தில் உங்களை மீண்டும் பட்டறைக்கே அனுப்புவேன்.