புட்டியின்மேல் எழுதிய பெயர்



ஒயின் புட்டியின் லேபிளைக் கழற்றிவிட்டு, வீட்டிலேயே வரைந்த வேறொன்றை ஒட்டுவது மேலைநாடுகளில் பலர்க்கும் பழகிய பொழுதுபோக்கு. திருமணம், பிறந்தநாள், மணவிழாவின் ஆண்டு நிறைவு என எதற்கும் ஒட்டுகிறார்கள். இலக்கிய மேடையில் இதற்கென்ன வேலை என்று கேட்கத் தோன்றும். இவ்வுரை மதுவைப் பற்றியதன்று. ஒரு பொருளின்மேல் எழுதப்படும் பெயரைப் பற்றியது. பெயர் மாறிப்போவதால் நேரும் குழப்பத்தை, ஏடு பார்த்து ஏடெழுதி வந்த மரபினர்க்கு விரித்துரைக்க வேண்டியதில்லை.

இவ்வழக்கம் மிகப் பழையது. 1922இல் ஹோவர்ட் கார்ட்டர் கண்டறிந்த துட்டன்காமன் கல்லறையில் மதுச்சாடிகளும் இருந்தன. மன்னனின் ஆட்சியாண்டு, திராட்சைத் தோட்டம், வடித்தெடுத்த தலைமைத் தொழிலாளியின் பெயர் ஆகியவை அவற்றின்மேல் மையால் எழுதப்பட்டிருந்தன. மூவாயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்குப் பின்னும் அத்தொழிலாளர் சிலரின் பெயர்களை இன்று படிக்க முடிகிறது. யவனர் கொணர்ந்த தேறலைப் புறநானூற்றின் 56ஆம் பாடலில் நக்கீரர் குறித்துள்ளார். அரிக்கமேட்டில் ஆம்போராச் சாடித் துண்டுகளும், தமிழ்ப் பிராமியில் பெயர் கீறிய பானையோடுகளும் ஒரே ஊரின் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்தமையும் ஈண்டு நினைக்கத்தக்கது.

லேபிளைக் கலையாக்கியவர்களுள் முதன்மையானவர் போர்தோ வட்டாரத்து மூத்தோன் ராத்ஷில்டு தோட்டத்தின் பிலிப் பிரபு. 1924இல் ழான் கார்லு என்னும் ஓவியரைக் கொண்டு அவர் ஒரு லேபிள் வரையச் செய்தார். 1945இல் போர் முடிந்ததும் வெற்றியைக் குறிக்கும் 'வி' எழுத்து லேபிளில் இடம்பெற்றது. அதன்பின் ஆண்டுக்கோர் ஓவியர் என்பது வழக்கமாயிற்று. 1973ஆம் ஆண்டு மதுவுக்குப் பிக்காசோவின் ஓவியம். 1993ஆம் ஆண்டு மதுவுக்குப் பால்தூஸ் வரைந்த சிறுமியின் உருவம் அமெரிக்காவில் எதிர்ப்பைக் கிளப்பவே, அந்நாட்டுக்குச் சென்ற புட்டிகளில் ஓவியத்தின் இடம் வெறுமையாக விடப்பட்டது. அவ்வெறுமையையும் சேகரிப்போர் தேடி வாங்கினர் என்பது வேடிக்கை.

வீட்டில் செய்வோரின் முறை எளியது. வெறும் புட்டியை வெந்நீரில் சிறிது சமையல் சோடா இட்டு அரைமணி நேரம் ஊறவைத்தால், நீரில் கரையும் பசையால் ஒட்டிய பழைய தாள் தானே நழுவும். தன்னொட்டுத் தாளாயின் நீர் உதவாது. உள்ளே வெந்நீர் நிரப்பிப் பசையை இளக்கி, ஒரு முனையிலிருந்து மெல்ல உரிக்க வேண்டும். எஞ்சும் பிசுக்கு எண்ணெயும் சோடாவும் குழைத்துத் தேய்த்தால் போகும். புதிய தாளை ஒட்டுவதற்கு வீட்டில் மது வடிப்போர் பலர் பயன்படுத்துவது பால். பாலிலுள்ள கேசீன் என்னும் புரதம் உலர்ந்தால் பசையாகிவிடுகிறது. மீண்டும் கழற்ற வேண்டுமானால் நனைத்தால் போதும். மது நிறைந்த புட்டியை மட்டும் வெந்நீரில் இடலாகாது. சூடு மதுவைக் கெடுக்கும். பழைய லேபிளின் மீதே புதியதை ஒட்டிவிடுவதுதான் அதற்கு வழி.

பின்பக்கத்துச் சிறு தாளைத் தொடாமல் விடுவது அறிவுடைமை. சல்பைட்டு கலந்திருக்கிறது என்ற குறிப்பு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். அது ஒவ்வாத ஆஸ்துமா நோயாளி ஒருவர் விருந்தினருள் இருக்கக்கூடும். மணமக்களின் பெயரை அழகுற எழுதியவர் அவ்வெச்சரிக்கையை உரித்தெறிந்தால் அது விளையாட்டாகாது.

அதே ஊறவைத்தல், அதே உரித்தல், அதே ஒட்டல் குற்றமாகவும் மாறின. 2008 ஏப்ரலில் நியூயார்க்கில் ஓர் ஏலம் நடைபெற்றது. பர்கண்டியின் போன்சோ குடும்பத்துப் பெயர் தாங்கிய குளோ சன் தெனி மது, 1945 தொடங்கிப் பல ஆண்டுகளின் புட்டிகளாக, ஏலப் பட்டியலில் இருந்தது. லோரான் போன்சோ கடல் கடந்து சென்று ஏலக்கூடத்தில் நின்றார். அந்நிலத்தின் மதுவை அவர் குடும்பம் வடிக்கத் தொடங்கியதே 1980களில்தான்! புட்டிகள் விலக்கப்பட்டன.

இவ்விடத்தில் பதிப்பறிஞர்தம் பணியை எண்ணாதிருக்க முடியவில்லை. அகத்தியர் பெயரால் வழங்கும் மருத்துவ நூல்கள் பல பிற்காலத்தவை என்பதை எதனால் அறிந்தனர்? அக்காலத்தில் வழங்காத சொல்லொன்று உள்ளே அமர்ந்து காட்டிக்கொடுத்தது. அங்கே சொல் செய்ததை இங்கே ஓர் ஆண்டு செய்தது. ஆயினும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: தான் எழுதியதற்கு முன்னோன் பெயரைச் சூட்டியவன் தன் பெயரை இழந்தான்; புட்டிக்குப் பொய்ப்பெயர் சூட்டியவன் பொருள் குவித்தான். இரண்டையும் ஒரே தராசில் நிறுத்தல் தகாது.

அப்புட்டிகளை ஏலத்துக்கு அளித்தவர் ரூடி குர்னியாவான். 2012 மார்ச்சில் கலிபோர்னியாவின் ஆர்கேடியா நகரில் அவர் வீட்டினுள் காவலர் புகுந்தபோது, புகழ்பெற்ற தோட்டங்களின் லேபிள்கள் ஆயிரக்கணக்கில் இருந்தன; தக்கைகளும், கலவைக் குறிப்புகளும், லேபிள் கழல ஊறிக்கொண்டிருந்த புட்டிகளும் கிடைத்தன. உணவகங்களில் பருகிய அரிய மதுவின் வெற்றுப் புட்டிகளைத் திரும்ப அனுப்பச் சொல்லி அவர் கேட்டுப் பெற்றதன் பொருள் அன்றுதான் விளங்கிற்று. 2013இல் குற்றவாளி எனத் தீர்ப்பு. 2014இல் பத்தாண்டுச் சிறைத் தண்டனை. 2021இல் இந்தோனேசியாவுக்கு அனுப்பப்பட்டார்.

ஏமாந்தவர்கள் பெருஞ்செல்வர்கள், அவர்க்காக எவரும் அழவில்லை. ஆனால் ஏமாற்றப்பட்டவர் அவர் மட்டுமல்லர். 1945இல், போர் ஓய்ந்த அந்த ஆண்டில், ஆளும் பொருளும் இல்லாத நிலத்தில் திராட்சை பறித்து மது வடித்தவர்கள் உண்மையில் இருந்தனர். எஞ்சிய அவர்தம் புட்டியொன்று இன்று விற்பனைக்கு வந்தால் முதலில் எழுவது ஐயமே.

பறிமுதலானவற்றுள் மெய்யானவை ஏலம் விடப்பட்டன. போலி என முடிவானவை, ஐந்நூற்றுக்கும் மேற்பட்டவை, 2015 டிசம்பரில் டெக்சாசில் நொறுக்கப்பட்டன. முன்னரே விற்றுப்போனவற்றுள் எத்தனை இன்னும் யார்யாருடைய நிலவறைகளில் பிறர் பெயரைச் சுமந்து கிடக்கின்றன என்பதை எவரும் எண்ணி முடிக்கவில்லை.