மதிப்பெண் நடுத்தரம், சான்றிதழ் ஒரு கட்டு: பிள்ளைக்கு எங்கே இடம் கிடைக்கும்?

(பொன்விழாவை ஒட்டிய கல்வி நிகழ்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





எங்களைப் பேச அழைத்தபோது செயலாளர் மாமா ஒன்றுதான் சொன்னார்: "தம்பி, ஊக்கமூட்டுற பேச்சு நெறைய கேட்டாச்சு. நீங்க கணக்கைச் சொல்லுங்க." கணக்கு எங்களுக்குப் பழக்கமானது. நாங்கள் என்று இங்கே சொல்வது, தோட்டத்துக் கடைப் பிள்ளைகளாக வளர்ந்து, போலிடெக்னிக்கில் டிப்ளோமா முடித்து, இன்று மறுபடியும் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் நாலைந்து பேரை. எங்களில் ஒருவரும் பத்து ஏ எடுத்தவர் கிடையாது. அதனால்தான் இந்தத் தலைப்பை எங்களிடம் கொடுத்திருப்பார்கள் என்று நினைக்கிறோம்.

எஸ்.பி.எம். முடிவு வந்த வாரத்தில் கடைக்குச் சாமான் வாங்க வருகிறவர்கள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். "ரெண்டு பி, மூணு சி, மத்ததெல்லாம் டி. ஆனா ஹாக்கியில மாநிலம் வரைக்கும் போனவன், சாரணர்ல தலைவன், சான்றிதழ் ஒரு கட்டு இருக்கு. யுனிவர்சிட்டி கிடைக்குமா?" கேட்பவர் முகத்தைப் பார்த்தால் கிடைக்கும் என்று சொல்லிவிடத் தோன்றும். சொன்னால் அது பொய்யாகப் போகலாம். கிடைக்காது என்று ஒரேயடியாகச் சொன்னாலும் தவறுதான். கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

அரசாங்கப் பல்கலைக்கழகம், போலிடெக்னிக் இரண்டுக்கும் யு.பி.யு. வழியாக விண்ணப்பிக்கிறோம். அங்கே ஒரு பிள்ளையின் தகுதிப் புள்ளி நூற்றுக்குக் கணக்கிடப்படுகிறது. அதில் 90 பங்கு தேர்வு முடிவுக்கு, 10 பங்கு புறப்பாட நடவடிக்கைக்கு. இந்தப் பத்தைத்தான் நம்மவர்களில் சிலர் ஐம்பது என்று நினைக்கிறார்கள், சிலர் பூஜ்யம் என்று நினைக்கிறார்கள்.

ஒரு கணக்கு சொல்கிறோம். எண்கள் விளக்கத்துக்காக நாங்கள் வைத்தவை. முதல் பிள்ளைக்குத் தேர்வுப் பங்கில் 63, புறப்பாடத்தில் 3. மொத்தம் 66. இரண்டாவது பிள்ளைக்குத் தேர்வில் 58, புறப்பாடத்தில் 9. மொத்தம் 67. ஐந்து புள்ளி பின்னால் இருந்த பிள்ளை ஒரு புள்ளி முன்னால் வந்துவிட்டது. மூன்றாவது பிள்ளைக்குத் தேர்வில் 45, புறப்பாடத்தில் முழுப் பத்து. மொத்தம் 55. தேசிய அளவில் விளையாடியிருந்தாலும், இந்தக் கணக்கில் அவனால் முதல் இருவரையும் பிடிக்க முடியாது. ஏறக்குறைய சமமாக நிற்பவர்களுக்கு நடுவே முந்திக்கொள்ள அந்தப் பத்து உதவும். வெகுதூரம் பின்தங்கியவரை இழுத்துக்கொண்டு வர அதற்குப் பலம் போதாது.

புள்ளியைக் கூட்டுவதற்கு முன்னால் பார்க்க வேண்டியது வாசல். மலாய்மொழியிலும் வரலாற்றிலும் தேர்ச்சி இல்லாமல் எஸ்.பி.எம். சான்றிதழே கிடையாது. வரலாற்றுப் பாடத்துக்கு இந்த விதி 2013 முதல் இருக்கிறது. சி அல்லது அதற்கு மேல் எடுத்தால் கிரெடிட். டி, இ இரண்டும் வெறும் தேர்ச்சி. டிப்ளோமா படிக்கப் பொதுவாக மூன்று கிரெடிட் வேண்டும், பல்கலைக்கழக அடிப்படைக் கல்விக்கு ஐந்து. பொறியியல் பக்கம் போக நினைத்தால் கணிதத்தில் கிரெடிட் கேட்பார்கள். முன்பு சொன்ன ஹாக்கிப் பையனுக்கு ஐந்து கிரெடிட் இருக்கிறது. அப்படியானால் வாசலைத் தாண்டிவிட்டான், மேலே பேசலாம். ஒரே ஒரு கிரெடிட் இருக்கிற பிள்ளைக்கு எத்தனை சான்றிதழ் இருந்தாலும் அந்த வாசல் திறக்காது. அவனுக்கு வேறு வாசல் உண்டு, பிறகு சொல்கிறோம்.

வாசலைத் தாண்டிய பிறகு போட்டி எப்படி என்று எப்படித் தெரிந்துகொள்வது? யு.பி.யு.வின் இ-பண்டுவான் பக்கத்தில் ஒவ்வொரு படிப்புக்கும் முந்தைய சேர்க்கையின் சராசரித் தகுதிப் புள்ளியைப் போட்டிருப்பார்கள். நம் பெற்றோர்களில் மிகச் சிலரே அதைப் பார்க்கிறார்கள். ஒரு படிப்புக்குச் சராசரி 72 என்று இருந்தால், அதற்குக் கீழே உள்ளவர்களும் உள்ளே போயிருக்கிறார்கள் என்று பொருள். எழுபது உள்ள பிள்ளை தாராளமாகக் கேட்கலாம். அறுபது உள்ள பிள்ளை அந்தப் படிப்பை ஒரே ஒரு இடத்தில் ஆசைக்கு வைத்துக்கொண்டு, மற்ற விருப்பங்களைத் தன் புள்ளியை ஒட்டியும் அதற்குக் கொஞ்சம் கீழேயும் வைக்க வேண்டும். பட்டியல் முழுக்க மேலே உள்ளதையே நிரப்பிவிட்டு, எதுவும் கிடைக்காமல் ஆறு மாதம் வீட்டில் இருந்த பிள்ளைகளை எங்களுக்குத் தெரியும். முடிவு வந்த பிறகு விருப்பங்களைத் திருத்த அவகாசம் தருவார்கள். அந்த நாள்களில் கடையை ஒரு மணி நேரம் பூட்டிவிட்டாவது பிள்ளையோடு உட்காருங்கள்.

விளையாட்டில் உண்மையிலேயே உயரத்துக்குப் போன பிள்ளைகளுக்குத் தனி வழியும் இருக்கிறது. யு.பி.யு.வில் விளையாட்டாளர்களுக்கு என்று ஒரு சிறப்புப் பிரிவு உண்டு. மாற்றுத்திறனாளிகளுக்கும் பி40 குடும்பங்களுக்கும்கூட உண்டு. எம்.எஸ்.எஸ்.எம்., சுக்மா போன்ற போட்டிகளில் ஆடியவர்கள் அந்தப் பிரிவைக் கவனிக்க வேண்டும். அங்கேயும் குறைந்தபட்சத் தகுதி வேண்டும், ஆதாரமும் வேண்டும்.

ஆதாரம் என்று சொன்னோம். இங்கேதான் கொஞ்சம் நின்று பேச வேண்டியிருக்கிறது.

பள்ளியில் புறப்பாடம் மூன்று வகை: சீருடை இயக்கம், கழகம் அல்லது மன்றம், விளையாட்டு. ஒவ்வொன்றிலும் பிள்ளை என்ன பொறுப்பு வகித்தது, எந்த அளவில் பங்கெடுத்தது, எந்த அளவில் வென்றது என்று பார்க்கிறார்கள். பள்ளி அளவுக்கு ஒரு புள்ளி, மாவட்டத்துக்கு அதைவிட மேல், மாநிலம், தேசம் என்று ஏறும். இவற்றோடு வருகைப் பதிவும் கணக்கில் சேரும். கோப்பை வாங்காத பிள்ளைகூட வாரம் தவறாமல் போய்க் கையெழுத்துப் போட்டால் புள்ளி சேரும். திறமை இருந்தும் போகாத பிள்ளைக்குச் சேராது.

நம் தோட்டத்துப் பிள்ளைகள் இங்கேதான் இழக்கிறார்கள். லின்சமிலும், ஜெராம் பாடாங்கிலும், சுவா பெத்தோங்கிலும், லாபு கிர்பியிலும் தமிழ்ப்பள்ளிகள் தோட்டத்தை ஒட்டியே இருந்தன. ஆறாம் ஆண்டு வரை பிள்ளை நடந்தே போய்வரும். இடைநிலைப்பள்ளிக்கு வந்ததும் பள்ளி பட்டணத்துக்குப் போய்விடுகிறது, பிள்ளை பேருந்துக்காரர் கையில். பெரும்பாலான பள்ளிகளில் புறப்பாடம் புதன்கிழமை பிற்பகலில் நடக்கிறது. தோட்டத்துக்குப் போகும் பேருந்து பள்ளி விட்டதும் கிளம்பிவிடும். புதன்கிழமைக்காக இன்னொரு தடவை வர, பேருந்துக்காரருக்குக் கட்டுப்படியாகாது. அவரைக் குறை சொல்ல முடியாது, டீசல் செலவு அவருடையது. பிள்ளை என்ன செய்யும்? பேருந்தில் ஏறி வீட்டுக்குப் போய்விடும். சாயங்காலம் லயத்து முன்னால் உள்ள திடலில் இருட்டும் வரை பந்து விளையாடும். நாங்களும் அப்படித்தான் விளையாடினோம், நன்றாகவே விளையாடினோம். அந்தத் திடலில் வருகைப் பதிவேடு கிடையாது.

இரண்டு ஆண்டு புதன்கிழமைகளைக் கூட்டினால் அது இரண்டு மூன்று புள்ளியாக வந்து நிற்கிறது. முதலில் சொன்ன கணக்கில் 66-க்கும் 67-க்கும் நடுவே எவ்வளவு இடைவெளி இருந்தது என்பதை நினைத்துப் பாருங்கள்.

இதோடு இன்னொன்று. நம் பிள்ளைகள் நிறையச் செய்கிறார்கள், ஆனால் அதற்குக் காகிதம் இல்லை. மீலாது விழா மேடையில் பேசுகிறார்கள். கிராஅத் ஓதுகிறார்கள். நோன்பு காலத்தில் கஞ்சி காய்ச்சி வீடு வீடாகக் கொடுக்கிறார்கள். அத்தா ஊருக்குப் போயிருந்தால் பதினாறு வயதுப் பிள்ளை ஒரு மாதம் கடையையே நடத்துகிறது. நம் சங்கம் இதற்கெல்லாம் என்ன கொடுத்திருக்கிறது? பிளாஸ்டிக் வாளி, சாப்பாட்டுத் தட்டு, சில ஆண்டுகளில் சுவர்க் கடிகாரம். நல்ல மனத்தோடு கொடுத்தவைதான். அவற்றோடு ஒரு சான்றிதழும் கொடுக்கலாமே. சங்கத்தின் பதிவு எண், நிகழ்ச்சியின் பெயர், தேதி, எந்த அளவிலான போட்டி, பிள்ளை செய்தது என்ன, தலைவர் கையொப்பம். மலாய்மொழியில் இருக்கட்டும், படிக்கிற ஆசிரியருக்குப் புரிய வேண்டும். வெளியே செய்ததைப் பள்ளி ஏற்றால்தான் புள்ளி ஆகும்; ஆகவே நிகழ்ச்சிக்கு முன்பே பொறுப்பாசிரியரைப் பார்த்துச் சொல்லிவிடுவது நல்லது. புள்ளி கிடைக்காவிட்டாலும், நேர்முகத் தேர்வில் மேசைமேல் வைக்க ஒரு காகிதம் இருக்கும்.

வாங்கியதைப் பத்திரமாக வைப்பதும் ஒரு வேலைதான். தோட்டத்திலிருந்து வீடு மாறும்போது பலருக்குத் தொலைந்தது சான்றிதழ்தான். நிலப்பத்திரத்தை எங்கே வைக்கிறீர்களோ அங்கேயே வையுங்கள். கைப்பேசியில் ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி, நடுத்தர மதிப்பெண் உள்ள பிள்ளைக்கு எது பொருந்தும் என்று எங்கள் அபிப்பிராயம்.

மெட்ரிகுலேஷனை நம்பிப் படுத்துக்கொள்ள வேண்டாம். அங்கே 90 விழுக்காடு இடம் பூமிபுத்ராவுக்கு, மற்ற எல்லாருக்கும் சேர்த்து 10. அந்தப் பத்தில் நிறைய ஏ வைத்திருக்கும் பிள்ளைகளே திணறுகிறார்கள். யு.ஐ.டி.எம். பூமிபுத்ரா மாணவர்களுக்கு உரியது. இஸ்லாமியர் என்பதால் கிடைக்கும் என்று நம்மவர்களில் சிலர் நினைத்து விண்ணப்பித்து ஏமாறுகிறார்கள். இதைப் பற்றி நீண்ட விவாதம் நடத்தலாம், இன்று அதற்கு நேரமில்லை.

போலிடெக்னிக்கை நாங்கள் முதலில் சொல்வோம். படித்த இடம் என்ற பற்றும் இருக்கிறது, மறைக்கவில்லை. நாட்டின் முதல் போலிடெக்னிக் 1969-இல் ஈப்போவில் தொடங்கியது. நம் மாநிலத்தில் போர்ட்டிக்சனில் ஒன்று, நீலாயை அடுத்த பண்டார் என்ஸ்டெக்கில் ஒன்று. மூன்றாண்டு டிப்ளோமா, கட்டணம் குறைவு, விடுதி உண்டு. எஸ்.பி.எம்.-இல் சி எடுத்த பிள்ளை அங்கே நல்ல சராசரி எடுத்தால், மறுபடி யு.பி.யு. வழியாகப் பட்டப்படிப்புக்குப் போகலாம். பத்துபகாட்டில் உள்ள துன் ஹுசேன் ஓன் பல்கலைக்கழகம், மலாக்காவில் உள்ள தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் போன்றவை இந்த வழியில் வருகிற பிள்ளைகளை நன்றாகவே அறிந்தவை. பதினேழு வயதில் எழுதிய ஒரு தேர்வு அங்கே பின்னால் போய்விடுகிறது. இது பெரிய விஷயம்.

கிரெடிட் குறைந்த பிள்ளைக்கு, முன்பு சொன்ன வேறு வாசல், சமூகக் கல்லூரி. ஜெலுபுவிலும் ஜெம்போலிலும் இருக்கின்றன. சான்றிதழ் முடித்து அங்கிருந்து டிப்ளோமாவுக்கு ஏறலாம். மலாய்மொழியிலோ வரலாற்றிலோ தவறியவர்களுக்கு மறுதேர்வு இருக்கிறது. உட்கார்ந்து படிக்கும் பொறுமை உள்ள பிள்ளைக்குப் படிவம் ஆறு நல்லது. மூன்று பருவம், செலவு மிகக் குறைவு, பட்டப்படிப்புக்கு விண்ணப்பிக்கும்போது அங்கேயும் அதே 90-க்கு 10. எஸ்.பி.எம்.-இல் கோட்டைவிட்ட புதன்கிழமைகளை அங்கே மறுபடி தொடங்கலாம்.

தனியார் கல்லூரி முகவர்கள் தோட்டத்துக்கே வருகிறார்கள். வரட்டும். "உங்க பையன் ஹாக்கி ஆடுறான், அதனால பாதிக் கட்டணம்" என்று ஒருவர் எங்கள் உறவினர் வீட்டில் சொன்னார். எந்தக் கட்டணத்தில் பாதி என்று கேட்டதும் அவருக்கு அவசர வேலை வந்துவிட்டது. கேட்க வேண்டியவை மூன்றுதான்: அந்தப் படிப்புக்கு எம்.கியூ.ஏ. அங்கீகாரம் இருக்கிறதா, பி.டி.பி.டி.என். கடன் கிடைக்குமா, கடன் போக மாதம் கையிலிருந்து எவ்வளவு. எழுத்தில் வாங்குங்கள். வியாபாரிகள் நாம், சரக்கு வாங்கும்போது ரசீது கேட்கிறோம், பிள்ளையின் படிப்புக்குக் கேட்கக் கூச்சப்படுகிறோம்.

தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. படிவம் ஐந்தில் இருப்பவர்கள் இப்போது புதிதாக நான்கு கழகத்தில் சேர வேண்டாம். ஒரு டி-யை சி ஆக்குங்கள், அதில் கிடைப்பது அதிகம். படிவம் நான்கில் இருப்பவர்களுக்கு இன்னும் காலம் இருக்கிறது. ஒரு சீருடை இயக்கத்தில் நிலைத்து இருங்கள், ஒரு பொறுப்பைக் கேட்டு வாங்குங்கள், மன்றத்தின் செயலாளர் பதவியாக இருந்தாலும் சரி.

கடைசியாக வேலைக்கு வருவோம். எங்கள் கடைகளில் சாமான் ஏற்றும் வேன் மூன்று இருக்கிறது. புதன்கிழமை பிற்பகலில் பெரிய வேலை இல்லை. ரந்தாவ் பக்கத்துக்கு ஒன்று, பகாவ் பக்கத்துக்கு ஒன்று, போர்ட்டிக்சன் சாலைக்கு ஒன்று என்று விடலாம் என்று பேசியிருக்கிறோம். பிள்ளைகளை ஏற்றுவதற்கு அனுமதியும் காப்புறுதியும் முறையாக வேண்டும், இருக்கையும் மாற்ற வேண்டும். அதைச் செயலவை விசாரிக்க வேண்டும். நம் பிள்ளைகள் மட்டும் என்று வைக்க வேண்டாம், அந்தத் தோட்டத்தில் நிற்கிற எல்லாப் பிள்ளைகளும் ஏறட்டும். ஓட்டுநர் சம்பளத்தை எங்களால் பார்த்துக்கொள்ள முடியும். எண்ணெய்ச் செலவுக்கு ஆள் வேண்டும். எந்தப் பள்ளி, எத்தனை பிள்ளை, எத்தனை மணிக்கு முடிகிறது என்ற விவரத்தை எழுத வாசலில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறோம். சாப்பிடப் போகும் முன் எழுதிவிட்டுப் போங்கள்.