மறையும் நூல்



டீக்கடையில் வடையைக் காகிதத்தில் வைத்துத் தருவார்கள். எண்ணெய் இறங்கிய இடத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பாருங்கள். அங்கே மட்டும் வெளிச்சம் ஊடுருவி வரும். காகிதம் மெலிந்து போகவில்லை. பிறகு ஏன் அப்படி?

காகிதம் நார்களின் கூட்டம். நாருக்கு நார் நடுவே காற்று இருக்கிறது. வெளிச்சம் நாரிலிருந்து காற்றுக்கும், காற்றிலிருந்து நாருக்கும் மாறும்போதெல்லாம் சிதறுகிறது. அதனால்தான் காகிதம் வெள்ளையாக இருக்கிறது. எண்ணெய் உள்ளே போய்க் காற்றை வெளியே தள்ளுகிறது. சிதறல் குறைகிறது. வெளிச்சம் அந்தப் பக்கம் போய்விடுகிறது.

தூண்டில் கழி செய்கிறவர்களுக்கு இந்த விஷயம் நன்றாகத் தெரியும்.

குளத்தங்கரையில் பிள்ளைகள் வைத்திருக்கும் குச்சித் தூண்டில் வேறு. ரீல் பொருத்திய கழியில் நரம்பு ஓடுவதற்கு வரிசையாக வளையங்கள் வேண்டும். ஒவ்வொரு வளையத்துக்கும் கால் உண்டு. அந்தக் காலைக் கழிமேல் வைத்து நூலால் சுற்றிக் கட்டுவார்கள். ஆணி இல்லை, திருகு இல்லை. பெரிய மீன் இழுக்கும்போது கழி வில்லாக வளையும். அப்போது வளையத்தைப் பிடித்துக்கொண்டிருப்பது நூல்தான். கட்டு நழுவினால் மீன் போச்சு. சில சமயம் கழியும் போச்சு.

இந்தத் தொழிலில் நம் நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்து ஈஸ்டன் ஊரில் சாமுவேல் பிலிப்பி என்ற துப்பாக்கித் தொழிலாளி இருந்தார். 1840களில் அவர் மூங்கிலைப் பிளந்து, பிளாச்சுகளாகச் சீவி, ஒட்டிக் கழி செய்தார். பிறகு ஆறு பிளாச்சு ஒட்டுவது வழக்கமானது. அதற்கான மூங்கில் கல்கத்தா துறைமுகம் வழியாகக் கப்பலில் போனது. வெட்டிச் சுமந்தவர் யாரோ, பெயர் என்னவோ துறைமுகத்துக்குத்தான் கிடைத்தது: கல்கத்தா மூங்கில். 20ஆம் நூற்றாண்டில் தெற்குச் சீனத்து டோன்கின் மூங்கில் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது.

அந்தக் காலத்துப் பசை ஈரம் பட்டால் இளகும். அதனால் கழி நெடுக, சிறு சிறு இடைவெளி விட்டுப் பட்டு நூல் சுற்றினார்கள். வெள்ளைப் பட்டு நூலைச் சுற்றி அதன்மேல் வார்னிஷ் பூசினால், வடைக் காகிதத்தில் நடந்ததே இங்கும் நடக்கும். நூல் கண்ணுக்கு மறைந்து, மூங்கிலின் ரேகை தெரியும். நூலின் பிடி மட்டும் அப்படியே இருக்கும். இன்று பலர் கார்பன் நார்க் கழியில் நைலான் நூல் சுற்றுகிறார்கள். சாதாரண வெள்ளை நைலானும் இப்படியே தெளியும். கறுப்புக் கழியில் அது கறுப்பாகவே தெரியும். சிவப்பு நூல் இருண்டு போகும். ஜரிகை நூல் தெளியாது.

கடையில் 'நிறம் காக்கும் திரவம்' என்று ஒன்று விற்கிறது. அதை முதலில் பூசினால் வார்னிஷ் நூலுக்குள் இறங்காது. நூலின் நிறம் மாறாது. நூல் மறைய வேண்டும் என்றால் அதைத் தொடவே கூடாது.

மறையும் நூலில் ஒரு சங்கடம் உண்டு. நூல் மறைந்தால் அடியில் இருப்பதெல்லாம் தெரியும். கைவிரல் பிசுக்கு, பசைத் துளி, அரத்தூள் எதுவும் தப்பாது. ஆகவே வளையத்தின் காலைப் பிசிறில்லாமல் அரத்தால் ராவி, நுனியைச் சரிவாக்க வேண்டும். பிசிறு இருந்தால் நூலை அறுத்துவிடும். சரிவு இல்லாவிட்டால் நூல் ஏறும் இடத்தில் சந்து விழும். ராவிய பிறகு துணியில் ஸ்பிரிட் தொட்டுத் துடைக்க வேண்டும். சுற்றும் முன்பு கையையும் கழுவ வேண்டும்.

நூலை ஒரே இழுப்பில், கழியிலிருந்து கால்மேல் ஏறும்படி, சுற்றோடு சுற்று ஒட்டிச் சுற்ற வேண்டும். முடிக்க ஏழெட்டுச் சுற்று இருக்கும்போது, வேறு நூலை மடித்துக் கண்ணி போல அடியில் வைக்க வேண்டும். சுற்றி முடித்து, நூல் நுனியைக் கண்ணிக்குள் விட்டு இழுத்தால் அது சுற்றுக்கு அடியில் மாட்டிக்கொள்ளும். முடிச்சே வேண்டாம். பிறகு கரண்டியின் முதுகால் தேய்த்துவிட்டால் சந்துகள் மூடும்.

முதல் பூச்சில்தான் காரியமே இருக்கிறது. அது நீர்த்ததாக இருக்க வேண்டும். குளிரில் பூச்சு கெட்டியாகி, உள்ளே இறங்காமல் மேலேயே நிற்கும். காலின் இரு பக்கமும் சுரங்கம் போல நீண்ட இடைவெளி இருக்கும். அங்கே காற்று தங்கினால் வெள்ளிக் கோடு போல மின்னும். பூச்சு அந்தச் சுரங்கத்தில் இறங்கும்வரை பொறுத்துத்தான் அடுத்த பூச்சு. அவசரக்காரருக்கு இந்த வேலை ஒத்துவராது.

எபாக்சி பூசுகிறவர் இரண்டு திரவத்தையும் சொன்ன அளவில் எடுத்து, மெதுவாகக் கலக்க வேண்டும். வேகமாகக் கலக்கினால் குமிழி வரும். பூசிய பிறகு, இறுகும்வரை கழியை மெல்லச் சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு பக்கம் தொங்கிவிடும். எபாக்சி தோலில் பட்டுப் பட்டுப் பழகினால் அரிப்பும் தடிப்பும் வரும். வந்துவிட்டால் பிறகு ஒரு துளி பட்டாலும் வரும். கையுறை போடுங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள். ஸ்பிரிட், வார்னிஷ் பக்கத்தில் அடுப்போ பீடியோ வேண்டாம்.

இறுகிய பிறகு உள்ளே வெள்ளைப் புள்ளி தெரிந்தால், மேலே எத்தனை பூச்சு பூசினாலும் போகாது. நூலை அறுத்து எடுத்துவிட்டு மறுபடி சுற்ற வேண்டியதுதான். அறுக்கும்போது கத்தியை வளையத்தின் கால்மேல் வைத்து அறுக்க வேண்டும். கழிமேல் வைத்தால் கீறல் விழும். கீறிய இடத்தில்தான் கழி ஒடியும்.