நக்கிள்ஸ் மலையும் ஏலக்காயும்
(நமது சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பிரயாணம் என்றால் க்ஷேத்திரம், தீர்த்தம் என்றுதான் நமக்குப் பழக்கம். இன்று நான் சொல்லப்போவது காட்டையும் கிராமங்களையும் பார்ப்பதற்காகவே போய்வந்த ஒரு பிரயாணம்.

இலங்கையில் கண்டிக்கு வடகிழக்கே இருக்கிறது நக்கிள்ஸ் மலைத்தொடர். மடக்கிய கையின் விரல் முட்டிகளைப் போலச் சிகரங்கள் தெரிந்ததால் ஆங்கிலேயர் வைத்த பெயர். சிங்களத்தில் இதைத் தும்பர மலை என்பார்கள். அதிகபட்ச உயரம் 1,900 மீட்டர் சொச்சம். 2010-ல் யுனெஸ்கோ இலங்கையின் மத்திய மலைநாட்டை உலகப் பாரம்பரியச் சொத்தாக அறிவித்தபோது இதுவும் அதில் இடம்பெற்றது.

2024 பிப்ரவரியில் மூன்று நாள்கள் அங்கே நடந்தேன். எழுபதைத் தாண்டிய முழங்கால்களுக்குச் சிகரம் வேண்டாம் என்று முன்பே தீர்மானித்துவிட்டேன். ஹுன்னஸ்கிரியவிலிருந்து மேலேறும் சாலை கார்பெட்ஸ் கேப் என்ற கணவாயைக் கடந்து மீமுரே கிராமத்துக்கு இறங்குகிறது. எதிரே லக்கேகல என்ற கூரான மலை. ராவணனின் விமானம் அதன் உச்சியிலிருந்துதான் கிளம்பியது என்று ஊரார் சொல்கிறார்கள்.

விஞ்ஞானம் படித்தவன் என்பதால் என் கண் மூடுபனியின் மேலேயே இருந்தது. ஈரக் காற்று மலையில் மோதி, மேலெழுந்து, குளிர்ந்து மேகமாகிறது. அந்த மேகம் மரங்களுக்குள் புகும்போது இலைகளும் பாசியும் நுண்துளிகளைப் பிடித்துச் சொட்டவிடுகின்றன. மழை பெய்யாத நேரத்திலும் காட்டின் தரை நனைகிறது. இங்கே பிறக்கும் ஓடைகள் கடைசியில் மகாவலி நதியைப் போய்ச் சேருகின்றன. காற்று ஓயாத உச்சிப் பகுதிகளில், மண்ணும் மெலிந்திருப்பதால், மரங்கள் குள்ளமாகவே நிற்கின்றன.

இந்தக் காட்டுக்குள் பல்லாண்டுகளாக ஏலக்காய் பயிரிட்டார்கள். ஏலச்செடிக்கு நிழல் வேண்டும். ஆகவே பெரிய மரங்களை விட்டுவிட்டு, கீழே முளைத்த கன்றுகளையும் புதர்களையும் வெட்டினார்கள். காயை உலர்த்த விறகும் காட்டிலிருந்தே வந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் அடர்ந்த காடுதான். ஆனால் கிழமரம் விழுந்தால் அந்த இடத்தை நிரப்ப இளமரம் இருக்காது. குழந்தைகளே இல்லாத அக்ரகாரம் மாதிரி! 2000-ல் இது பாதுகாக்கப்பட்ட வனமாக அறிவிக்கப்பட்டது. காட்டுக்குள் ஏலச் சாகுபடிக்கு இப்போது அனுமதி இல்லை.

இது சரியான முடிவு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் நான் தங்கிய வீட்டுப் பெரியவர், எங்கள் டிரைவர் மொழிபெயர்க்க, சொன்னார்: "ஐயா, காட்டுக்கு நல்லதுதான். ஆனால் ஏலக்காய் போன பிறகு என் பிள்ளையும் கண்டிக்குப் போய்விட்டான்."

அரசாங்க உத்தியோகத்தில் எத்தனையோ உத்தரவுகளைக் கோப்பில் பார்த்தவன் நான். உத்தரவின் மறுமுனையில் இருப்பவரோடு ஒரே திண்ணையில் உட்கார்ந்தது அபூர்வம். காடு தரும் தண்ணீர் கீழே சமவெளியில் எல்லோருக்கும் போகிறது. அதற்கான விலையை மேலே உள்ள சில குடும்பங்கள் மட்டும் கொடுக்கின்றன. நம் சஹ்யாத்ரி மலையிலும் இதே கணக்குத்தான்.

போக விரும்புகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. மழை பெய்தால் அட்டை அதிகம். நீளமான காலுறை அவசியம். உள்ளூர் வழிகாட்டியை வைத்துக்கொள்ளுங்கள், கிராமத்து வீட்டிலேயே தங்குங்கள். சைவச் சாப்பாடு கேட்டால் செய்து தருகிறார்கள். கித்துள் மரத்துப் பாணியும் கருப்பட்டியும் அங்கேயே வாங்குங்கள், பேரம் பேசாமல். காட்டைக் காப்பவர்களுக்கு நாம் நேரடியாகக் கொடுக்கக்கூடிய பணம் அதுதான்.