சிற்றாற்றுக்குச் சவ்வு எதற்கு?

தென்காசிப் பக்கமும் இப்போது வீட்டுச் சுவரில் ஆர்.ஓ. பெட்டி தொங்குகிறது. உள்ளே இருந்து தண்ணீரின் உப்பை வடிக்கிற சவ்வின் கதையில் இந்தியாவில் பிறந்த ஒருவர் வருகிறார்: சௌரிராஜன். 1950களின் கடைசியில், கலிபோர்னியாவில், சிட்னி லோப் என்பவரோடு சேர்ந்து செல்லுலோஸ் அசிடேட் சவ்வை உருவாக்கினார். அது குளோரினை ஓரளவு தாங்கும். ஆனால் கிருமி அரித்துவிடும். பிறகு வந்தது பாலிஅமைடு சவ்வு. உப்பை இன்னும் நன்றாக வடிக்கும், குளோரின் பட்டால் கெட்டுவிடும். அதனால்தான் அதற்கு முன்னால் கரி வடிகட்டி வைக்கிறார்கள். வீட்டுப் பெட்டிகளில் பெரும்பாலும் இந்தப் பாலிஅமைடு சவ்வுதான்.

ஆனால் குற்றால மலையிலிருந்து இறங்கும் சிற்றாற்றுத் தண்ணீரில் உப்பே குறைவு. கிருமிக்குப் பயந்தால் கொதிக்கவைத்தால் போதும். போர் தண்ணீர் கரித்தால் ஆர்.ஓ. வாங்குங்கள். நல்ல தண்ணீரை வடிகட்டி, பாதிக்கு மேல் சாக்கடைக்கு அனுப்புவது என்ன கணக்கோ!